ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உள்ள முகாமில் ட்ரெய்லர் பேட்டரி நிறையவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் முகாமில் ஆர்.வி. எனப்படும், தங்கும் வசதியுள்ள வண்டிகளுக்கும் ட்ரெய்லர்களுக்குமென மின் இணைப்புக் கம்பம் கிடையாது. ஜெனரேட்டரைக் காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை என மூன்று வேளைகளில் மட்டுமே ஓட்டலாம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவிலும் இதே மூன்று வேளைகள்தாம். ஓட்ட அனுமதி உள்ள நேரத்திலும், தேசியப் பூங்காக்களுக்கான கூட்டாட்சி விதிப்படி 50 அடி தூரத்தில் ஓசை 60 டெசிபெலைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். அருகிலுள்ள கூடாரத்தில் கைக்குழந்தையோடு படுத்திருப்பவர்களுக்கும் அந்தப் பள்ளத்தாக்கின் அமைதியில் நமக்குள்ள அதே பங்கு உண்டு.

பல ஆண்டுகளாக ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு இத்தகைய முகாம்களுக்குப் போய்வந்ததில் நான் உறுதியாகக் கண்டது ஒன்றுதான். பேட்டரி நிறையாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மணிநேரக் குறைவு அன்று. அனுமதிக்கப்பட்ட மணிநேரத்தில் பேட்டரிக்குள் எத்தனை ஆம்பியர் போகிறது என்பதை நாம் அளந்து பார்க்காததே காரணம். ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன்பு ஒரு மல்டிமீட்டரையும், கம்பியைக் கவ்வியபடியே நேர்மின்னோட்டத்தை அளக்கும் வகையான கிளாம்ப் மீட்டரையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மாறுமின்னோட்டத்தை மட்டும் அளக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர் இந்த வேலைக்கு உதவாது.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரியைச் சார்ஜரிலும் சுமையிலும் இருந்து விடுவித்துச் சில மணிநேரம் ஓய்வாக விட்ட பிறகு 12.7 வோல்ட் காட்டினால் அது நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. ஜெனரேட்டரை நிறுத்திய உடனே எடுக்கும் அளவை நம்பாதீர்கள். அப்போது தெரியும் 13 வோல்ட் தட்டுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னேற்றம் மட்டுமே. விளக்கை எரியவிட்டால் அது சற்று நேரத்தில் இறங்கிவிடும்.

அறிகுறி: ஜெனரேட்டர் ஓடுகிறது, ட்ரெய்லருக்குள் மின்சாரம் வரவில்லை

மின்னழுத்தப் பாதுகாப்புக் கருவி பொருத்திய வண்டிகளில் இது அடிக்கடி நிகழ்கிறது. சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி தரைக்கம்பியோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. பாதுகாப்புக் கருவி அதைப் பழுதென்று கருதி மின்சாரத்தை உள்ளே விட மறுத்துவிடுகிறது. இதற்கென நியூட்ரலையும் தரைக்கம்பியையும் இணைத்த பிளக் கடைகளில் கிடைக்கிறது. ஜெனரேட்டரில் காலியாக உள்ள மற்றொரு துளையில் அதைச் செருகினால் சிக்கல் தீரும். அந்த பிளக்கை வீட்டு மின்சாரத்திலோ முகாமின் மின்கம்பத்திலோ ஒருபோதும் செருகக் கூடாது.

ஜெனரேட்டர் சற்றே ஓடிய பின் அதிகச்சுமை விளக்கு எரிந்து மின்சாரம் நின்றால், சார்ஜரைக் குறை சொல்வதற்கு முன்பு வண்டிக்குள் வேறு எவை மின்சாரத்தை இழுக்கின்றன என்று பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி தானியங்கி நிலையில் இருந்தால், வெளி மின்சாரம் வந்ததும் எரிவாயுவை விட்டு மின்சாரத்துக்குத் தாவி 300 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வெந்நீர்க் கொதிகலனின் மின் சுவிட்ச் போட்டிருந்தால் இன்னொரு 1,400 வாட் போய்விடும். இரண்டையும் எரிவாயுவுக்கு மாற்றுங்கள். அந்த இரண்டு மணிநேரம் சார்ஜருக்கு மட்டுமே உரியது. உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டர் ஏறக்குறைய மூன்று முதல் மூன்றரை சதவீதத் திறனை இழக்கிறது. 4,000 அடி உயரமுள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கில் 1,800 வாட் இயந்திரத்திலிருந்து 1,550 வாட் அளவுதான் எதிர்பார்க்கலாம். அதே பூங்காவில் 8,600 அடியில் உள்ள டுவாலமி புல்வெளியில் அது இன்னும் வெகுவாகக் குறையும்.

அறிகுறி: உள்ளே மின்சாரம் இருக்கிறது, பேட்டரியின் வோல்ட் அசையவே இல்லை

முதலில் பேட்டரி துண்டிப்பு சுவிட்சைப் பாருங்கள். சில வண்டிகளில் அது 'சேமிப்பு' நிலையில் இருக்கும்போது விளக்குகள் கன்வெர்ட்டரிலிருந்து (வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரியை நிரப்பும், வண்டியோடு வரும் சார்ஜர்) நேராக எரியும். பேட்டரிக்கு மட்டும் எதுவும் போகாது. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலத் தோன்றுவதால் பலர் இதிலேயே ஒரு நாளை இழக்கிறார்கள்.

அடுத்து, கன்வெர்ட்டரில் உள்ள தலைகீழ்த் துருவக் காப்பு ஃபியூஸ்களைச் சோதியுங்கள். பேட்டரியை மாற்றும்போது கறுப்பையும் சிவப்பையும் ஒரு நொடி மாற்றித் தொட்டிருந்தாலும் அவை எரிந்துபோயிருக்கும். ட்ரெய்லர்களில் வீட்டு மின்சார வழக்கப்படி கறுப்புக் கம்பியை நேர்முனைக்குப் பயன்படுத்துவதும் உண்டு என்பதால் இந்தத் தவறு எளிதில் நேர்ந்துவிடுகிறது. பேட்டரியருகே தானாக மீளும் காப்பு பிரேக்கர் இருந்தால் அதன் இரு பக்கமும் வோல்ட் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் பழுது அதில்தான்.

அறிகுறி: சார்ஜ் ஏறுகிறது, ஆனால் இரண்டு மணிநேரத்தில் போதுமான அளவு ஏறவில்லை

கட்டுப்பாடுள்ள முகாம்களில் பெரும்பாலானோருக்கு உண்மையில் இருக்கும் சிக்கல் இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஈய-அமில பேட்டரி காலியாக இருக்கும்போது கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். எண்பது சதவீதம் நிறைந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்கும். அந்தக் கடைசி இருபது சதவீதத்துக்குப் பல மணிநேரம் பிடிக்கும். எவ்வளவு பெரிய ஜெனரேட்டரை வைத்தாலும் அதை விரைவுபடுத்த இயலாது. எனவே ஜெனரேட்டரின் வேலை முதல் பகுதியை வேகமாக நிரப்புவது. கடைசிப் பகுதியைச் சூரிய ஒளியிடம் விட்டுவிட வேண்டும். காலையில் பேட்டரி மிகவும் இறங்கியிருப்பதால் 7 முதல் 9 வரையுள்ள வேளையே மிகுந்த பயன் தரும். மாலை 5 மணிக்கு, பகலெல்லாம் ஏறிய பேட்டரியில் ஜெனரேட்டரை ஓட்டினால் பெட்ரோல் எரியும், ஓசை எழும், உள்ளே போவதோ ஏழெட்டு ஆம்பியர்தான். மழையோ மேகமூட்டமோ இல்லாத நாளில் மாலை வேளையை நான் பயன்படுத்துவதே இல்லை.

இந்த முறை பலிக்க வேண்டுமானால் காலை இரண்டு மணிநேரத்தில் ஆம்பியர் உண்மையாகவே உள்ளே போக வேண்டும். என் ட்ரெய்லரில் 6 வோல்ட் கோல்ஃப் வண்டி பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு, 12 வோல்ட்டில் 225 ஆம்பியர்-மணி கொள்ளளவு தருகின்றன (ஒரு ஆம்பியர் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி). வண்டியோடு வந்த கன்வெர்ட்டர் எப்போதும் 13.6 வோல்ட் மட்டுமே கொடுத்தது. பேட்டரி பாதியாக இருந்த ஒரு காலையில் கிளாம்ப் மீட்டரை நேர்முனைக் கம்பியில் மாட்டி எழுதி வைத்தேன்: தொடக்கத்தில் 28 ஆம்பியர், அரை மணியில் 17, இரண்டு மணிநேர முடிவில் 9. மொத்தம் முப்பது ஆம்பியர்-மணி அளவே ஏறியது. அக்டோபர் மாத இரவொன்றில் நாங்கள் செலவழித்ததோ எண்பதுக்கு மேல். மூன்றாம் நாள் விளக்குகள் மங்கியதில் வியப்பில்லை.

ஆகவே, ஜெனரேட்டர் ஓடும்போது பேட்டரி முனைகளிலேயே வோல்ட்டை அளந்து பாருங்கள். அது 13.6-ஐத் தாண்டவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று காரணம்: கன்வெர்ட்டர் எப்போதும் ஒரே வோல்ட் தரும் பழைய ஒற்றை நிலை வகையாக இருக்கலாம், அல்லது அது கொடுக்கும் வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகலாம். எது என்று அறிய, கன்வெர்ட்டரின் வெளியீட்டு முனைகளில் ஒருமுறையும் பேட்டரி முனைகளில் ஒருமுறையும் அளவெடுங்கள். புதிய 45 ஆம்பியர் சார்ஜரைப் பொருத்திய பிறகு எனக்குக் கிடைத்த அளவுகள், சார்ஜரில் 14.4, பேட்டரியில் 13.5. கம்பிகளில் 0.9 வோல்ட் கரைந்துகொண்டிருந்தது.

மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றைச் சட்டத்தின் வெற்று இரும்பிலும் வைத்தபோது அந்த 0.9-இல் 0.6 அங்கேயே இருந்தது. ட்ரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் முன்நாக்கின் அடியில், சட்டத்தோடு திருகிய தரைக்கம்பியின் வளையத்தைத் தேடிப் படுத்துப் பார்த்தேன். வளையத்தின் மேல் பச்சை நிறத்தில் உப்புப் படிந்திருந்தது. திருகு கையாலேயே சுழன்றது. வளையத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கறுப்புப் பெயின்ட் உரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புதிய வளையமும் பல்லுள்ள வாஷரும் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். அரை மணிநேர வேலை. மறுநாள் காலையில் இழப்பு 0.3 வோல்ட்டாகக் குறைந்திருந்தது. சார்ஜர் ஏறக்குறைய 80 நிமிடம் முழு 45 ஆம்பியரையும் கொடுத்தது. 9 மணிக்குள் எழுபத்தைந்து ஆம்பியர்-மணிக்கு மேல் ஏறியிருந்தது. நேரமும் ஜெனரேட்டரும் பேட்டரியும் பழையவையே.

கம்பியின் தடிமனும் அதே அளவு முக்கியம். சார்ஜரிலிருந்து பேட்டரிக்குப் போகவர 40 அடி நீளமுள்ள 8-ஆம் கேஜ் கம்பியில் 45 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு ஏற்படும். 4-ஆம் கேஜில் அரை வோல்ட்டுக்கும் குறைவு. கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும்போது, நீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு அதன் ஆம்பியர்-மணியில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரையுள்ள ஆம்பியர் ஏற்றது. உச்ச வோல்ட் 14.4 முதல் 14.8 வரை இருக்கும். ஜெல் வகைக்கு அது அதிகம் என்பதால் பேட்டரியின் மேல் அச்சிட்டுள்ளதையே பின்பற்றுங்கள். ஜெனரேட்டரில் '12 வோல்ட்' என்று எழுதிய துளையிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கம்பி போடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. சிறிய இயந்திரங்களில் அது 8 ஆம்பியர் அளவே தரும்; அனுமதிக்கப்பட்ட ஆறு மணிநேரத்தையும் அதற்கே செலவழித்தாலும் ஓர் இரவுக்குப் போதாது.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதில் ஒரு வார்த்தை. கூடாரங்கள், சன்னல்கள், கதவுகள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எவரையும் நோக்காதவாறு வையுங்கள். உங்கள் சன்னலை மட்டுமல்ல, அண்டை வண்டியின் சன்னலையும் பார்த்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

அறிகுறி: மாலையில் நிறைந்திருந்த பேட்டரி விடியுமுன் தீர்ந்துவிடுகிறது

இது சார்ஜ் தொடர்பான பழுதன்று, செலவு தொடர்பானது. எரிவாயுவில் எரியும் ஹீட்டருக்கு மின்சாரம் எதற்கு என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் விசிறி மட்டுமே 7 முதல் 10 ஆம்பியர் வரை எடுக்கும். குளிரிரவில் மொத்தமாக ஆறேழு மணிநேரம் சுழன்றால் ஐம்பது ஆம்பியர்-மணிக்கு மேல் அதிலேயே போய்விடும். வெப்பநிலையைச் சில பாகை குறைத்துவைத்துக் கனமான போர்வை போர்த்திக்கொள்வது இன்னொரு பேட்டரி வாங்குவதை விட மலிவு.

படுக்கும் முன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரிக் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். எரிவாயுக் கசிவு உணர்வியும் சில கட்டுப்பாட்டுப் பலகைகளும் எப்போதும் சிறிதளவு எடுப்பது இயல்பு. அரை ஆம்பியர் அளவு தெரிந்தால் கவலை வேண்டாம். இரண்டு மூன்று ஆம்பியர் தெரிந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அளவு இறங்குகிறது என்று காணுங்கள். பெரும்பாலும் அணைக்க மறந்த இன்வெர்ட்டர் (பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) அகப்படும். எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதே அது ஒரு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். எரிவாயுக் கசிவு உணர்வியின் ஃபியூஸை மட்டும் கழற்றியபடி விட்டுவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று எரிபொருள் வகை இருந்தால், அது 12 வோல்ட் நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த நிலையில் நல்ல பேட்டரியும் ஓரிரவில் தீரும்.

அறிகுறி: சோலார் தகடு வெயிலில் இருக்கிறது, ஆம்பியர் வரவில்லை

100 வாட் தகடு ஒன்று, ஐந்து மணிநேர நல்ல வெயிலில், இழப்புகள் போக முப்பது ஆம்பியர்-மணி அளவு தரும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் கருங்கல் மலைச்சுவர்கள் காலை வெயிலைத் தாமதப்படுத்துகின்றன; வந்த வெயிலையும் பைன் மரங்கள் வடிகட்டுகின்றன. தகட்டின் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரே கிளையின் நிழல் ஓரத்தில் விழுந்தாலும் மின்னோட்டம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே கூரைத்தகட்டை நம்புவதை விட, தரையில் வைத்து நகர்த்தக்கூடிய மடக்குத் தகடே இங்கே மேல். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் நிழலுக்கு விலக்கிச் சூரியனை நோக்கித் திருப்பிவைப்பதை நான் ஒரு சுமையாகவே கருதியதில்லை.

நிழல் இல்லாமலும் வரவில்லையென்றால் சார்ஜ் கட்டுப்படுத்தி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மடக்குத் தகடுகள் பலவற்றில் அது தகட்டின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து பேட்டரிக்கு 30 அடி மெல்லிய கம்பி போனால், கம்பியில் தொலையும் வோல்ட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்தி அளக்கும். பேட்டரி நிறைந்துவிட்டதென்று தவறாக எண்ணி மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அதைப் பேட்டரிக்கு அருகே கொண்டுவந்து, நீளக் கம்பியைத் தகட்டுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே வையுங்கள். வண்டியின் பக்கவாட்டுச் சோலார் துளையில் செருகுபவர்கள், அதன் துருவம் தங்கள் தகட்டோடு பொருந்துகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே செருக வேண்டும். தலைகீழாக அமைந்த துளைகளும் புழக்கத்தில் உள்ளன.

ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் அளவு சுழியத்துக்கு அருகே போவது பழுதன்று. பேட்டரியில் ஏற்கெனவே உயர்ந்த வோல்ட் தெரிவதால் கட்டுப்படுத்தி ஒதுங்கி நிற்கிறது.

அறிகுறி: நாள் முழுவதும் வண்டியோடு இழுத்து வந்தும் பேட்டரி ஏறவில்லை

இழுக்கும் வண்டியின் ஏழுமுனை இணைப்பில் உள்ள சார்ஜ் கம்பி மெல்லியது, நீண்டது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆம்பியர் வரைதான் வரும். நாள் முழுவதும் ஓட்டியும் ட்ரெய்லருக்குள் குளிர்சாதனப் பெட்டி 12 வோல்ட்டில் ஓடினால் பேட்டரி இறங்கியிருக்கவும் கூடும். தனியாகத் தடித்த கம்பி இழுத்து 20 அல்லது 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (இழுக்கும் வண்டியின் மின்சாரத்தை ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டில் கொடுப்பது) பொருத்துவதே இதற்குத் தீர்வு. மூன்று மணிநேரப் பயணத்தில் பேட்டரி பெரும்பகுதி நிறைந்த நிலையில் முகாமை அடையலாம்.

அறிகுறி: லித்தியம் பேட்டரி காலையில் சார்ஜையே ஏற்க மறுக்கிறது

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி நேரக் கட்டுப்பாடுள்ள முகாம்களுக்கு மிகவும் பொருந்துவது. ஏறக்குறைய முழுதும் நிறையும்வரை ஒரே வேகத்தில் ஏற்றுக்கொள்ளும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி 50 ஆம்பியர் சார்ஜரில் காலை வேளைக்குள்ளேயே நிறைந்துவிடும். ஆனால் பேட்டரியின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் செல்கள் நிலையாகச் சேதமடையும். அதனால்தான் உள்ளே இருக்கும் பாதுகாப்புப் பலகை வழியை அடைத்துவிடுகிறது. அது பழுதன்று. முன்நாக்கில் திறந்தவெளியில் இருக்கும் பேட்டரியை வண்டிக்குள் மாற்றுங்கள், அல்லது உறைபனி நாட்களில் காலை வேளையை விட்டு நண்பகல் வேளையைப் பயன்படுத்துங்கள். குறைந்த வெப்பநிலைப் பாதுகாப்பு இல்லாத மலிவு வகைகளில் இந்தக் கவனத்தை நாமே எடுத்தாக வேண்டும்.

அறிகுறி: மேலே உள்ளவை எல்லாம் சரி, ஆயினும் பேட்டரி தாங்கவில்லை

நிறையாமலே நாள்கணக்கில் வைத்திருந்த ஈய-அமில பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் படிந்து கொள்ளளவைத் தின்றுவிடும். முகாமிலிருந்து திரும்பியதும் வீட்டு மின்சாரத்தில் முழுதாக நிரப்பாமல் நிறுத்திவைப்பதே இதற்கு முதற்காரணம். மூடிகளைத் திறந்து, தட்டுகள் நீருக்குள் மூழ்கியுள்ளனவா என்று பாருங்கள். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுங்கள். தட்டுகள் வெளியே தெரியாதவரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுவதே முறை. அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும்.

முழுதாக நிரப்பிய பின், அமிலத்தின் ஒப்படர்த்தியைக் காட்டும் அடர்த்திமானியால் ஒவ்வொரு செல்லையும் அளந்தால் 1.265-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட 0.050 குறைந்திருந்தால் அந்த பேட்டரி முடிந்தது. எல்லாச் செல்களும் ஒரே சீராக இருந்தால் ஓர் இறுதிச் சோதனை செய்யுங்கள். 225 ஆம்பியர்-மணி பேட்டரியில் 11 ஆம்பியர் சுமையைப் பத்து மணிநேரம் ஓடவிட்டு, பிறகு ஓய்வாக வைத்து அளந்து பாருங்கள். 12.1 அல்லது 12.2 தெரிந்தால் பேட்டரி நலமாக உள்ளது. தரைக்கம்பியிலிருந்து தேடலை மறுபடி தொடங்குங்கள். ஐந்து மணிநேரத்திலேயே சுமையோடு 11.5-க்குக் கீழே விழுந்தால் மாற்றியாக வேண்டும். அப்போது இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் ஒருசேர மாற்றுங்கள். பழையதோடு தொடராக இணைத்த புதியதும், பழையதன் அளவுக்கு மேல் பயன் தராது.